ஒரு தாவலுக்குப் பத்து கிராம்

“ஏனுங்க்கா, ஹோட்டல் கீது ஆரம்பிச்சுட்டீங்களா?”

எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் போன வாரம் கேட்டேவிட்டார். பாவம், அவரும் எத்தனை நாள்தான் அடக்கிக்கொண்டு இருப்பார்? இந்தக் கோடை முழுக்க நான் வாங்கிய கார்ன்ஃப்ளோர் மாவில் ஒரு சைனீஸ் ரெஸ்டாரென்ட்டே நடத்தியிருக்கலாம். போதாததற்கு ஃபுட் கலர் வேறு... சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று டப்பா டப்பாவாக.

“இல்லீங்ணா, ரோட்டுக்குப் பூசறேன்” என்றேன்.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பத்திரிகையில் எழுதுகிறவர்களிடம் அளவோடு பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

என் தங்கை கவிதாவை அந்தியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அங்கே டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறார். மூத்தவள் ஹர்ஷினிக்கு எட்டு வயது. இத்தனை வருஷம் கழித்து இரண்டாவதாக உண்டாகியிருந்தாள் கவிதா. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஆறாம் மாதத்திலேயே பிபி ஏற ஆரம்பித்துவிட்டது. கோயம்புத்தூரில் பார்த்த டாக்டரம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: படுத்தே இருக்க வேண்டும். டென்ஷன் கூடவே கூடாது.

படுத்திருப்பது சரி. டென்ஷனாகாமல் இருக்க எந்த மெடிக்கலில் மாத்திரை விற்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால், மூன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அம்மாவும் மகளும் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரோட்டைப் பார்த்த முன் அறையை கவிதாவுக்கு ஒழித்துக்கொடுத்தோம். ஜன்னலை ஒட்டிக் கட்டில்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. நான், என் வீட்டுக்காரர், என் லேப்டாப்... இவ்வளவுதான் எங்கள் குடும்பம். வீட்டில் அதிகபட்ச சத்தம் குக்கர் விசில். அந்த வீட்டுக்குள் ஹர்ஷினி நுழைந்தாள். அவளுக்கு நடக்கத் தெரியாது. அறையில் இருந்து சமையலறைக்குக் குதித்துத்தான் வருவாள். தண்ணீர் குடித்துவிட்டுக் குதித்துத்தான் போவாள்.

“குதிக்காத கண்ணு, அம்மா தூங்கறாங்க.”

“குதிக்காத தங்கம், கட்டில் ஆடுது.”

ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னோமோ. எங்களுக்கே சலித்துப்போனது.

அடுத்தது கணக்கு. லீவில் வாய்ப்பாடும் கழித்தலும் நன்றாகப் பழக்கிவிடுங்கள், நாலாம் வகுப்பில் கஷ்டப்படுவாள் என்று அவளுடைய டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். படுக்கையில் கிடப்பவளுக்கு வேறு வேலை? கவிதா தினமும் சாயந்திரம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். ஆறேழு எத்தனை? பதில் வராது. பதினாலில் ஒன்பது போனால்? பதில் வராது. கண்ணீர் வரும். கவிதாவின் குரல் உயரும். அதன் பிறகு பிபி மிஷினை மாட்டிப் பார்த்தால்... அதுவும் உயர்ந்திருக்கும்.

பார்க்க வந்த சொந்தக்கார அம்மா ஒருவர், நல்லது செய்வதாக நினைத்து, ஹர்ஷினியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். “இந்தா பாரு கண்ணு, நீ இப்படி அழுதீன்னா உங்கம்மாளுக்கு பிபி ஏறிப்போடும். பாத்து நடந்துக்கோணும்.”

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, அம்மா கேட்பதற்கெல்லாம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதபோதாவது பரவாயில்லை. அந்தக் குழந்தை அழாமல் உட்கார்ந்திருந்தது அதைவிட மோசமாக இருந்தது.

ஒருநாள் துணி எடுக்க வெளியே வந்தேன். சாக்கடை மேல் போட்டிருக்கும் சிமென்ட் பலகைகளில் ஒன்று விட்டு ஒன்றாகத் தாவிக்கொண்டிருந்தாள் ஹர்ஷினி. வாய் என்னவோ முணுமுணுத்தது. காது கொடுத்துக் கேட்டேன். ரெண்டு... நாலு... ஆறு... எட்டு...

“மூணு மூணாத் தாண்டு பார்க்கலாம்” என்றேன், சும்மா.

தாண்டினாள். மூணு, ஆறு, ஒன்பது, பன்னெண்டு. பலகை தீர்ந்துவிட்டது. “இன்னும் பலகை இருந்தாப் போலாம் பெரீம்மா” என்றாள், மூச்சு வாங்க.

உட்கார்ந்தால் வராத கணக்கு காலுக்கு வருகிறது! நானும் ஸ்கூல் போனவள்தானே... முப்பத்தைந்து பேரைப் பெஞ்சில் கட்டிப்போட்டு உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

எங்கள் தெரு முட்டுத் தெரு. கான்கிரீட் ரோடு. அந்தப் பக்கம் வழி கிடையாது என்பதால் தெருக்காரர்களின் வண்டி தவிர வேறு வராது. பலகை தீர்ந்தால் என்ன, ரோடு இருக்கிறதே!

முதலில் சாக்பீஸ் வாங்கினேன். ஒரு கோடு போட்டு முடிப்பதற்குள் ஒரு டப்பா கரைந்தது. அடுத்து கலர் கோலப்பொடி. நாலு குதி குதித்ததும் எண்களெல்லாம் பறந்து போய் ஜன்னல் வழியாக கவிதாவைத் தும்மவைத்தன. பெயின்ட் டப்பாவைத் தேடி மாடிக்கு ஏறினேன். “ரோடு கார்ப்பரேஷனோடது” என்று ஞாபகப்படுத்தினார் என் வீட்டுக்காரர்.

கடைசியில் செல்போனில் தேடியபோது கிடைத்தது வழி. கார்ன்ஃப்ளோர் மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கொஞ்சம் ஃபுட் கலர். கட்டி இல்லாமல் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் அடிக்க வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் ஒரு வாளித் தண்ணீர் போதும். தொந்தரவு இல்லையா என்றால், உண்டு. எறும்பு வரும். தெருநாய் ஒன்று பத்தின் பூஜ்யத்தை நக்கிவிட்டது. பத்து அன்றைக்கெல்லாம் ஒன்றாகவே கிடந்தது.

நானும் ஹர்ஷினியும் முட்டி போட்டு ரோட்டில் பூஜ்யத்தில் இருந்து முப்பது வரை ஒரு நீளக் கோடு வரைந்தோம். பக்கத்திலேயே கட்டம் கட்டமாக ஒரு பெரிய கால்குலேட்டர். அதில் ஒரு எண்ணில் குதித்து, கூட்டல் குறியிலோ பெருக்கல் குறியிலோ குதித்து, இன்னொரு எண்ணில் குதித்து, விடையில் போய் நிற்க வேண்டும். விடை இரண்டு இலக்கமாக இருந்தால் இடது கால் ஒன்றில், வலது கால் மற்றொன்றில். பதினெட்டு என்றால் சமாளிக்கலாம். எண்பத்தொன்று என்றால் காலை அகட்டி நின்று தடுமாறி விழ வேண்டும். விழுவதற்காகவே அந்த விடை வரும் கணக்கைக் கேட்டு வாங்கினார்கள் பிள்ளைகள்.

ஆமாம், பிள்ளைகள். இரண்டாம் நாளே தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

கேள்வி கேட்பது யார்? அதுதான் இந்த விஷயத்திலேயே அழகு. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்த கவிதாதான் கேட்டாள். “ஏழுல நில்லுங்க... எட்டு முன்னால... இப்ப மூணு பின்னால! எங்க நிக்கறீங்க?”

“பன்னெண்டு!” என்று தெருவே கத்தும்.

அதே ஹர்ஷினி. அதே கணக்கு. அதே அம்மா. நடுவில் ஒரு சுவரும் ஜன்னலும் வந்ததும் இருவருமே சிரித்தார்கள். சாயந்திர பிபியும் மிரட்டாமல் இருந்தது. டாக்டரம்மாவைக் கேட்டால் மாத்திரை வேலை செய்கிறது என்பார். செய்திருக்கும். நான் மறுக்கவில்லை.

ஒரு ஆளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. தெருக்கோடி வீட்டுச் சின்னசாமி அண்ணன். பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அப்போதுதான் போர்டிகோவுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார். காயாத பெயின்ட் மேல் அவர் கார் ஏறிப் போக, எங்கள் பச்சை நிற எட்டாம் எண் டயரில் ஒட்டிக்கொண்டு அவர் டைல்ஸில் வரிசையாக அச்சடித்துவிட்டது.

“ஏனுங்க அம்மணி, நம்மூட்டு டைல்ஸ் என்னத்துக்கு ஆகுமுங்க?” என்று வாசலில் வந்து நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலில் இருந்து கவிதாவின் குரல் வந்தது. “மன்னிச்சுக்கோங்ணா. நாந்தானுங்க போடச் சொன்னேன். என்னால எந்திரிச்சு வர முடியாதுங்க... பாப்பாவ அனுப்பித் தொடச்சுத் தரச் சொல்றனுங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். “அதெல்லாம் வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சாயந்திரம் அவருடைய காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அடுத்த நாளும் அப்படித்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், “பன்னெண்டுல நில்லுங்க” என்றாள் கவிதா. எல்லோரும் பன்னிரண்டில் முண்டியடித்து நின்றார்கள். “அங்க இருந்து...”

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் உள்ளே ஓடினேன். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் கவிதா. “அக்கா, மண்டை வெடிக்குது... கண்ணெல்லாம் மங்கலாத் தெரியுது.”

ஆட்டோ கூப்பிடக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். என் அலறல் கேட்டு ஓடி வந்த சின்னசாமி அண்ணன் அடுத்த நிமிஷம் காரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். எண்களின் மேலேயே ஏற்றி. கவிதாவைத் தாங்கி உட்காரவைத்துக் கதவைச் சாத்தும்போது பார்த்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். ஹர்ஷினி மட்டும் அந்தப் பன்னிரண்டிலேயே நின்றிருந்தாள்.

அண்ணனின் மனைவி சரசக்கா அவளைத் தன் பக்கம் சேர்த்து அணைத்துக்கொண்டார். “நீங்க போங்க அம்மணி. நான் பாத்துக்கறேன்.”

பிறகு நடந்ததைத் தெருக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சரசக்கா எங்கள் ஜன்னலடியில் போய் நின்று, “பன்னெண்டுல இருந்து நான் என்ன கண்ணு கேக்கோணும்? எனக்குத் தெரியாதே... நீங்களே சொல்லுங்க” என்றாராம். ஹர்ஷினி அந்தப் பன்னிரண்டை விட்டு நகராமலே, “அஞ்சு முன்னால” என்றாளாம். இருட்டும் வரைக்கும் சரசக்கா கேட்க, பிள்ளைகள் குதிக்க, ஆட்டம் ஓடியிருக்கிறது. குழந்தையைத் தனியாக உட்காரவிடவில்லை அந்தத் தெரு.

அன்றைக்கே, அந்தியூரில் இருந்து மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள்ளேயே, ஆபரேஷன். நாள் நிறையாத குழந்தை. பையன். ஆயிரத்து அறுநூற்று இருபது கிராம்.

கவிதா பிழைத்துக்கொண்டாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு கிலோ வரட்டும், வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார் குழந்தைகள் டாக்டர். சின்னப் பிள்ளைகளை அந்த வார்டுக்குள் விட மாட்டார்கள். அதாவது, ஹர்ஷினி தன் தம்பியைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் இரண்டு கிலோ ஆக வேண்டும்.

இதைக் காலையில் வந்து அவளிடம் சொன்னேன். “பெரீம்மா, பெயின்ட் கரைச்சுத் தாங்க” என்றாள்.

எங்கள் வாசலுக்கு நேரே 1620 என்று எழுதினாள். அங்கிருந்து ஒரு கிராமுக்கு ஒரு தாவல் என்று ஆரம்பித்தாள். அப்படிப் போனால் கோடு தெருவையே தாண்டிவிடும் என்று அவளுக்கே புரிந்தது. உட்கார்ந்து விரல் விட்டாள். எழுந்து குதித்துப் பார்த்தாள். “ஒரு தாவலுக்குப் பத்து கிராம் வெச்சுக்கலாம் பெரீம்மா. அப்பத்தான் நம்ம தெருவுக்குள்ள அடங்கும்.”

“எனக்கும் ஒரு கோடு போடேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“உங்களுக்கு ரோடு பத்தாது பெரீப்பா.”

வரைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஒரு கேள்வி கேட்டாள். “பெரீம்மா... நான் கணக்குத் தப்புத் தப்பாப் போட்டதாலயா அம்மாவுக்கு பிபி ஏறுச்சு?”

எழுதிப் பிழைப்பவள் நான். ஆனால் இந்தப் பதிலை அவள் அம்மாதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வீடியோ கால் போட்டேன். கவிதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பாதி மயக்கத்தில் இருந்தவள், மகள் முகத்தைப் பார்த்ததும் கண்ணை நன்றாகத் திறந்தாள்.

“யாரு கண்ணு அப்படிச் சொன்னது? அது வயித்துல பாப்பா இருக்கறப்ப சில பேருக்கு வர்ற சீக்கு. உன்னால வரல சாமி. நீ குதிக்கறதப் பாத்துட்டுத்தான் நான் அத்தன நாள் அந்தக் கட்டில்ல கெடந்தேன். இல்லாட்டி என்னால முடிஞ்சிருக்காது.”

ஹர்ஷினி அப்போதுதான் அழுதாள். பல வாரத்து அழுகை. நான் தடுக்கவில்லை.

மறுநாளில் இருந்து காலையில் நர்ஸம்மா எடை பார்த்துச் சொல்ல, கவிதா போன் செய்ய, ஹர்ஷினி போய் அந்த எடையில் நிற்க வேண்டும். முதல் போன் வந்தது. ஆயிரத்து ஐந்நூற்று எண்பது.

எடை குறைந்துவிட்டது! பிறந்த புதிதில் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் இளைக்கும், பயப்படாதீர்கள் என்று நர்ஸம்மா சொன்னாராம். ஹர்ஷினி 1620-இல் நின்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் ரோடு.

“பின்னாடி கோடே இல்லையே பெரீம்மா.”

தெருப்பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான். “அப்ப உன் தம்பி தோத்துட்டானா?”

“தோக்கல” என்றாள். “பின்னாடி போயிருக்கறான். அங்க இருந்து வரோணும்.”

பிரஷ்ஷை எடுத்தாள். 1610, 1600, 1590, 1580... பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து எழுதிக்கொண்டு போய், கடைசி எண்ணில் ஏறி நின்றாள். லீவு முழுக்கச் சொல்லிக்கொடுத்தும் வராத கழித்தல் அது. எந்தத் தப்பும் இல்லை. என்னால்தான் பார்க்க முடியவில்லை; உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அந்த வாரமே கோடை மழை வேறு. ஒரே அடி. மொத்தக் கோடும் கலர்த் தண்ணீராக ஓடிப்போனது. விடிந்ததும் திரும்ப வரைந்தாள். இந்த முறை அவள் தனியாக வரையவில்லை. ஆளுக்கொரு பிரஷ்ஷுடன் தெருப்பிள்ளைகளும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கார்ன்ஃப்ளோர் கரைக்கும் வேலை மட்டும்.

குழந்தை எடை ஏற ஆரம்பித்தான். ஒருநாள் ஒரு தாவல். ஒருநாள் இரண்டு. சில நாள் ஹர்ஷினி நின்ற இடத்திலேயே நிற்பாள். பால்காரர் கேட்பார். கார்ப்பரேஷன் குப்பை வண்டிக்கார அம்மணி கேட்பார். “இன்னிக்கி எவ்வளவு கண்ணு?” அவள் நிற்கிற இடமே பதில். யாருக்கும் நான் நிலவரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடம்பு சரியில்லாத வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு சிக்கல் வந்தது. பின்னால் நீட்டியதில், மழைக்குப் பிறகு வரைந்த கோடு கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது. தாவல்களும் உற்சாகத்தில் பெரிதாகிவிட்டன. 1980-இல் ரோடு முடிந்துவிட்டது! அந்தப் பக்கம் சின்னசாமி அண்ணன் வீட்டு கேட். கேட்டுக்கு உள்ளே, அந்த வெள்ளை டைல்ஸ்.

பிரஷ்ஷும் கையுமாக கேட்டுக்கு வெளியே நின்றாள் ஹர்ஷினி. பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் பார்த்தார்.

“எங்க கண்ணு வருது ரெண்டாயிரம்?”

அவள் பயந்துகொண்டே கையைக் காட்டினாள். அவர் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “போடு சாமி. நல்லாப் பெருசாவே போடு.”

வெள்ளை டைல்ஸில் சிவப்பில் எழுதிய 2000. நான் பார்த்ததிலேயே அழகான எண் அதுதான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அவன் அந்த எண்ணைத் தொட்டான். ஹர்ஷினி அண்ணன் வீட்டு போர்டிகோவில் போய் இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். தெருவே கை தட்டியது. சரசக்கா எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் செய்தது என்ன? மாவு கரைத்தேன். அவ்வளவே. வேலை மெனக்கெட்டு எடையைத் துல்லியமாகச் சொன்ன நர்ஸம்மா, கணக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஜன்னலடியில் நின்ற சரசக்கா, காரை வெயிலில் விட்டு நடந்து வந்த அண்ணன், ஒரு குழந்தையைத் தனியாக நிற்கவிடாத தெருப்பிள்ளைகள்... இவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல நேரில் போனால், “இதுக்கெல்லாம் என்னங்க” என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் காபி கொடுக்க முடியாது பாருங்கள்.

அவன் இரண்டாயிரம் தொட்ட மறுநாள் கவிதா குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். ஹர்ஷினியைக் கை கழுவச் சொல்லி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, மடியில் தலையணை போட்டு, துணியில் சுற்றிய தம்பியை மெதுவாக வைத்தோம். மூச்சுக்கூட விடவில்லை அவள். குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, ரகசியம் போலச் சொன்னாள்:

“கணக்குல வந்தத விட கனமா இருக்கறான் பெரீம்மா.”